ஒன்பதாம் எண் வாசகி

ஆங்கில-தமிழ் அகராதி அலுவலகத்தில் காலத்தை ஆண்டுகளால் அளப்பதில்லை, எழுத்துகளால் அளப்பார்கள். கதவோரத்து மேசைக்காரருக்கு மகள் பிறந்தது 'எம்'மில். மேற்கூரை ஒழுகி, எல்லோரும் ஒரு மாதம் குடை பிடித்துக்கொண்டு வேலை பார்த்தது 'ஓ'வில். மூத்தவளின் அம்மா இறந்தது 'ஆர்' எழுத்தில். இன்னும் சரியாகச் சொன்னால், 'ரன்' என்ற வினைச்சொல்லின் முப்பத்துநான்காவது பொருளில்.

அதற்குப் பிறகு 'எஸ்' வந்தது. ஆங்கிலத்தின் பாதி அந்த ஒரே எழுத்தில்தான் குடியிருக்கிறதோ என்று தோன்றும். அதைக் கடக்க மூன்று ஆண்டுகள் ஆயின. இப்போது 'டீ' நடந்துகொண்டிருந்தது. மூத்தவளின் மேசைக்கு 'டேக்' என்ற வினைச்சொல் வந்து இறங்கியிருந்தது, மூன்று பெட்டி அட்டைகளோடு.

இரண்டு பெண்கள் இருந்த வீட்டில் அவள்தான் மூத்தவள். அலுவலகக் காகிதங்களில் அவளுக்குப் பெயர் 'தொகுப்பாளர் மூன்று'. அவள் குடியிருந்த மாடியறைக்குக் கீழே இருந்த அம்மாள் அவளை 'அகராதியம்மா' என்பாள். மாடியிலிருந்து தண்ணீர் சொட்டினால் மட்டும் 'அகராதி பிடிச்சவ'. இந்த நகைச்சுவையைக் கண்டுபிடித்தது தான்தான் என்று அந்த அம்மாளுக்கு ஒரு பெருமை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலிருந்தே இதைக் கேட்டுக்கொண்டிருப்பதாகச் சொல்லி அவள் மனத்தை நோகடிக்க மூத்தவளுக்கு விருப்பமில்லை.

"'டேக்' உங்களுக்கா வந்துச்சு?" என்றார் அடுத்த மேசைக்காரர். செடி, மீன், பறவைப் பெயர்களைப் பார்ப்பவர் அவர். பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார் என்பதால் அலுவலகத்தில் அவருக்கு 'அரைப்புள்ளி' என்று பெயர். "போச்சு மேடம். இனிமே நீங்க மனுஷங்க முகத்தைப் பார்க்கிறது எப்போ? எனக்குப் பாருங்க, ஒரு மீனு, அதுக்கு ஒரு பேரு, வாலு எத்தனைன்னு போட்டா வேலை முடிஞ்சுது. உங்க ஆளு அப்படியா? எந்த வீட்டுக் கல்யாணம்னாலும் இலையில உட்கார்ந்திருப்பான்."

அவர் சொன்னது பொய்யில்லை. மருந்து சாப்பிடுவதும் 'டேக்'தான், பேருந்தில் ஏறுவதும் 'டேக்'தான். படம் பிடிப்பது, தேர்வு எழுதுவது, ஒருவர் கையைப் பற்றுவது, ஒருவரிடமிருந்து பறிப்பது எல்லாமே அதுதான். ஆங்கிலக்காரனுக்கு ஒரே வேலைக்காரன் போதும், வீடு முழுக்கப் பார்த்துக்கொள்வான். தமிழில் ஒவ்வொரு வேலைக்கும் தனி ஆள் வேண்டும். அந்த ஆட்களைத் தேடிப் பிடித்து வரிசையில் நிற்கவைப்பதுதான் மூத்தவளின் வேலை.

காலையில் வந்ததும் கைப்பேசியை இழுப்பறையில் வைத்துப் பூட்டுவாள். மதியம் வரை யாரும் கைப்பேசியைத் தொடக்கூடாது என்பது அலுவலக விதி. பிறகு அட்டைகளைப் பிரித்து அடுக்குவாள். ஒவ்வோர் அட்டையிலும் எங்கிருந்தோ கத்தரித்து ஒட்டிய ஓர் ஆங்கில வாக்கியம். ஒரே மாதிரிப் பொருள் தருபவை ஓர் அடுக்கில் சேரும். மேசை நிறைந்து, சன்னல் திட்டு நிறைந்து, கடைசியில் தரையிலும் அடுக்குகள் வந்தன. காற்றில் பறக்காமலிருக்க ஒவ்வொன்றின் மேலும் ஏதாவது ஒன்று உட்கார்ந்திருந்தது: அழிப்பான், பூட்டு, தேநீர்க் கோப்பை, ஒரு பழைய மூக்குக்கண்ணாடிக் கூடு. ஐந்து மாதம் கழித்து எண்ணிப் பார்த்தபோது எழுபத்தொரு அடுக்குகள் தேறின. எழுபத்தொரு பொருள்.

ஒவ்வொரு பொருளுக்கும் அவள் ஒரு தமிழ் வாக்கியம் எழுத வேண்டும். அதற்கு இரண்டு விதிகள் இருந்தன.

முதல் விதி, சொந்தக் கதை கூடாது. இந்த விதிக்குக் காரணம் 'எல்' எழுத்தைப் பார்த்த ஒரு பழைய தொகுப்பாளர். 'லேஸி', அதாவது 'சோம்பேறி' என்ற சொல்லுக்கு அவர் எழுதிய வாக்கியம், 'என் மைத்துனன் பகலெல்லாம் தூங்குகிறான்.' 'லையர்', அதாவது 'பொய்யன்' என்பதற்கு, 'என் மைத்துனன் சொன்னதை நம்பாதீர்கள்.' அந்த எழுத்து முடிவதற்குள் மைத்துனன் பதினேழு முறை வந்துவிட்டான். அச்சான பிறகு அவனே ஒருநாள் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அலுவலகப் படியேறி வந்துவிட்டானாம்.

இரண்டாவது விதிக்கு 'வாய்ச்சோதனை' என்று பெயர். எழுதிய வாக்கியத்தை இன்னொரு மனிதரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கேட்டவர் சிரிக்காமலும், "என்னது?" என்று கேட்காமலும் இருந்தால் வாக்கியம் தேறியது. பிறகு அட்டையின் மூலையில் 'கேட்டவர்' என்ற இடத்தில் அவர் பெயரைக் குறித்துக் கையெழுத்துப் போட வேண்டும். மூத்தவளுக்கு எப்போதும் கேட்டவர் அரைப்புள்ளிதான்.

"'அவர் தம் குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்'," என்பாள் மூத்தவள்.

"போகட்டும். மழை வரும் போல இருக்கு. அடுத்தது?"

"'குழந்தை தாயின் கையைப் பற்றிக்கொண்டது'."

"நல்லா இருக்கு. பஸ் ஸ்டாண்டுல நிக்குது அந்தக் குழந்தை. சரி, சொல்லுங்க."

"'இந்த இழிவை நான் ஏலேன்'."

"என்னது?"

அந்த அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதுவாள். ஒருநாளில் அவள் மனிதர்களோடு பேசும் பேச்சில் பெரும்பகுதி இப்படித்தான் இருந்தது. மாலையில் அறைக்குத் திரும்பினால் பேச யாருமில்லை. அறையில் இரண்டு நாற்காலிகள் இருந்தன. ஒன்றில் அவள் உட்காருவாள். மற்றதில் அம்மா உட்கார்ந்திருப்பாள், முன்பு. இப்போது அதன் முதுகில் துவைத்த துணிகள் காய்ந்தன. வானொலியில் யாராவது பேசினால் அவளும் சில சமயம் பதில் சொல்வாள். "அப்படியா?" என்பாள். அல்லது, "அதெல்லாம் ஒண்ணும் நடக்காது."

இளையவளைப் பற்றி இப்போது சொல்லியாக வேண்டும்.

இளையவள் நான்கு மணி நேரப் பயணத் தொலைவில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. கழுத்தில் ஊதல் தொங்கும். பள்ளிப்பாடம் தவிர ஒரு புத்தகத்தையும் முழுதாகப் படித்ததில்லை என்பதை அவள் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வாள். அதனால்தான் மூத்தவள் அவளை வெளிவாசகராகச் சேர்த்துவிட்டாள். ஒவ்வொரு எழுத்தும் அச்சுக்குப் போகுமுன் வாக்கியத் தாள்கள் பன்னிரண்டு வெளிவாசகர்களுக்குப் போகும். அவர்களில் மொழி படித்தவர் ஒருவர்கூட இருக்கக்கூடாது. தையற்காரர், செவிலி, ஓட்டுநர், கடைக்காரர், இப்படித்தான் இருக்க வேண்டும். 'மனுஷங்க இப்படிப் பேசுவாங்களா?' என்ற ஒரே கேள்விக்குத்தான் அவர்கள் பதில் சொல்ல வேண்டும். தாளில் பெயர்கள் இருக்காது. தொகுப்பாளருக்கு ஓர் எண், வாசகருக்கு ஓர் எண். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே இரண்டு கட்டங்கள்: சரி, புரியவில்லை. கடைசியில் 'மாற்று வாக்கியம்' என்று ஓர் அகலமான இடம்.

இளையவள் ஒன்பதாம் எண். அந்த நாட்களில் அவள் அந்த அகலமான இடத்தை விட்டுவைத்ததே இல்லை. 'இப்படிப் பேசினா என் பசங்க மைதானத்துல உருண்டு சிரிப்பாங்க.' 'இந்த ஆளு யாரு, கல்வெட்டுல இருந்து எழுந்து வந்தாரா?' ஒருமுறை தாளின் ஓரத்தில், எந்தப் பொருளுக்கும் சேராமல், 'தொகுப்பாளர் மூணு, உன் வாக்கியத்துல யாருக்குமே வேர்க்க மாட்டேங்குதே, ஏன்?' என்று எழுதியிருந்தாள். மூத்தவள் அந்த வாரம் முழுக்க வேர்க்கும் வாக்கியங்களாக எழுதினாள்.

அம்மா மூத்தவளோடுதான் இருந்தாள். 'ஆர்' நடந்த ஆண்டில் ஒருநாள் இளையவள் வந்து, "ஒரு மாசம் என்கூட இருக்கட்டும்கா" என்று சொல்லி அம்மாவை அழைத்துப்போனாள். பதினோராம் நாள் அம்மா போய்விட்டாள். இதயம். முற்பகலில், உட்கார்ந்தபடியே. இளையவள் ஆறு முறை அழைத்திருந்தாள். கைப்பேசி இழுப்பறையில் பூட்டிக் கிடந்தது. மூத்தவள் மேலே 'ரன்' அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது இளையவளின் வீடு முழுக்க ஆட்கள். பள்ளிக்கூட ஆசிரியர்கள், அக்கம்பக்கத்தவர், சீருடையோடு சில பிள்ளைகள். எல்லோருக்கும் நடுவில் மூத்தவள் தங்கையைப் பார்த்துச் சொன்னாள், "நல்லா இருந்தவங்களைக் கூட்டிட்டு வந்து சாகடிச்சுட்டியே."

இளையவள் உள்ளே போய், அம்மாவின் துணிப்பையையும் மூக்குக்கண்ணாடியையும் கொண்டுவந்து அக்கா கையில் கொடுத்தாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசவில்லை.

ஆனால் தாள்கள் நிற்கவில்லை. 'எஸ்'ஸின் மூன்று ஆண்டுகளும் ஒவ்வொரு கட்டும் ஒன்பதாம் எண்ணுக்குப் போயிற்று, ஒவ்வொரு கட்டும் குறித்த நாளில் திரும்பி வந்தது. எல்லாக் கட்டங்களிலும் சரிக்குறி, ஈட்டி எறிந்ததுபோல் நீண்ட வாலோடு. அகலமான இடத்தில் ஒரு சொல் கிடையாது. கல்வெட்டு வாக்கியங்களுக்குக்கூடச் சரிக்குறிதான். தாள் வந்ததும் மூத்தவள் அந்த வால்களை உற்றுப் பார்ப்பாள். வால் நீளமாக இருந்தால் ஆள் நன்றாக இருக்கிறாள். ஒரு மழைக்காலத்தில் வால்கள் குட்டையாக, நடுங்கி வந்தன. காய்ச்சலாக இருக்குமோ என்று மூத்தவள் ஒரு மாதம் தவித்தாள். கைப்பேசியில் எண் இருந்தது. எடுத்துப் பார்ப்பாள், வைத்துவிடுவாள். என்ன சொல்லி ஆரம்பிப்பது? அடுத்த கட்டில் வால்கள் பழையபடி நீண்டு வந்ததும்தான் அவளுக்குச் சோறு இறங்கியது.

இந்த நிலையில்தான் தலைமை ஆசிரியர் அந்த அறிவிப்பைச் செய்தார். ஐந்து சொற்களுக்கு மேல் பேசுவது அவருக்குப் பிடிக்காது. பேசி முடித்ததும் விரலால் மேசையில் ஒரு தட்டு. ஆகவே அவர் 'முற்றுப்புள்ளி'.

"'டீ'க்கு அப்புறம் வெளிவாசகர் கிடையாது," என்றார். தட்டு.

"மிச்ச எழுத்துக்கு, சார்?" என்றார் அரைப்புள்ளி.

"சின்ன எழுத்துங்க. நாமே பார்த்துக்கலாம்." தட்டு.

மூத்தவள் தன் அடுக்குகளைப் பார்த்தாள். 'டீ'யில் அவளுடைய மற்ற தாள்கள் முன்பே போய்விட்டன; 'டேக்' தாள்தான் இனி ஒன்பதாம் எண்ணுக்குப் போகும் கடைசித் தாள். அது திரும்பி வந்துவிட்டால் அப்புறம் வாலும் கிடையாது, ஒன்றும் கிடையாது. தங்கை இருக்கிறாளா இல்லையா என்று தெரிந்துகொள்ள அவளுக்கு இருந்த ஒரே சன்னல் மூடப்போகிறது.

ஐம்பத்தெட்டாவது அடுக்கின் மேல் இருந்தது அந்த மூக்குக்கண்ணாடிக் கூடு. அந்த அடுக்கின் பொருள், முன்பு சொன்ன ஒன்றை இல்லையென்று ஆக்குவது, திரும்பப் பெறுவது. அதற்கு அவள் முதலில் எழுதியிருந்த வாக்கியம், 'அமைச்சர் தம் அறிக்கையைத் திரும்பப் பெற்றார்.' அரைப்புள்ளியிடம் சொல்லித் தேறிய வாக்கியம்தான். அன்று மதியம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது, அவள் அந்த அட்டையை எடுத்துக் கிழித்தாள். புதிய அட்டையில் எழுதினாள்:

'அன்று உன்னைச் சொன்ன சொல்லை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.'

எழுதிவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தாள். யாருமில்லை. 'கேட்டவர்' என்ற இடத்தில் 'அரைப்புள்ளி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இத்தனை ஆண்டு வேலையில் வாய்ச்சோதனை செய்யாமல் அவள் அனுப்பிய ஒரே வாக்கியம் அது. யாரிடமாவது சொல்லிப் பார்த்திருக்கலாம். ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல அவளால் முடிந்திருந்தால் அட்டையில் எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது.

முற்றுப்புள்ளி 'டேக்' முழுவதையும் சிவப்புப் பென்சிலோடு படித்தார். மாலையில் அவளைக் கூப்பிட்டார்.

"பதினொரு அம்மா," என்றார்.

"சார்?"

"ஒரு வினைச்சொல்லுக்கு இத்தனை அம்மா ஆகாது." தட்டு.

அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. பற்றிய கை அம்மாவுடையது, சாப்பிட்ட மாத்திரை அம்மாவுடையது, எடுத்த படம் அம்மாவுடையது. அவர் ஒன்பதை அடித்து, இரண்டை விட்டுவைத்தார். அடித்த இடங்களில் 'நோயாளி', 'விருந்தினர்', 'மாணவர்கள்' என்று அவளே மாற்றி எழுதினாள். ஐம்பத்தெட்டு வந்ததும் பென்சில் நின்றது.

"இது யார் பேசுறது?"

"யாரோ, சார்."

"எனக்கு ஒட்டல." கொஞ்ச நேரம் பார்த்தார். "வாய்ச்சோதனை ஆச்சா?"

"ஆச்சு, சார்."

"போகட்டும். வாசகர் சொல்லட்டும்." தட்டு.

தாள்கள் போயின. பதில் வர மூன்று வாரம் ஆகும். அந்த மூன்று வாரமும் மூத்தவளுக்கு மேசை காலியாக இருந்தது. அடுக்குகள் பெட்டிக்குத் திரும்பிப் போய்விட்டன, தரை தெரிந்தது. தன்னைச் சுற்றி எழுபத்தொரு பேர் உட்கார்ந்திருந்து எழுந்து போனதுபோல் இருந்தது அவளுக்கு. மாலையில் அறையில் வானொலியைப் போடவும் தோன்றவில்லை. இரண்டாவது நாற்காலியிலிருந்து துணிகளை எடுத்து மடித்து வைத்தாள். பிறகு வெறும் நாற்காலியைப் பார்க்கப் பிடிக்காமல் துணிகளை மறுபடியும் அதன்மேல் போட்டாள்.

ஐந்தாம் எண் தையற்காரர் முதலில் அனுப்பினார். ஐம்பத்தெட்டுக்குச் சரிக்குறி. செவிலியும் சரிக்குறி. ஓட்டுநர், 'புரியுது, ஆனா பெரிய ஆபீசர் மாதிரி இருக்கு' என்று எழுதியிருந்தார். ஒவ்வொன்றாகப் பதினொன்றும் வந்தன. ஒன்பது வரவில்லை. குறித்த நாள் கடந்தது. அதற்கு மேல் நான்கு நாள் ஆயிற்று. அந்தத் தாள் ஒருமுறைகூடத் தாமதமாக வந்ததில்லை.

"என்ன மேடம், தபால்காரரையே பார்த்துட்டு இருக்கீங்க?" என்றார் அரைப்புள்ளி. "பதினொண்ணு வந்துடுச்சுல்ல, போதாதா? ஒரு வாசகர் இல்லாட்டி அகராதி நின்னா போயிடும்? எங்க மாமா ஒருத்தர் இப்படித்தான், ஒரு செருப்பு தொலைஞ்சுதுன்னு..."

"அப்புறம் சொல்லுங்க," என்றாள் மூத்தவள்.

ஐந்தாம் நாள் முற்பகல் தாள் வந்தது. உறையைக் கிழித்தாள். முதலில் வால்களைப் பார்த்தாள். நீளமாகத்தான் இருந்தன. பிறகுதான் அந்த அகலமான இடத்தைப் பார்த்தாள். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு அதில் எழுத்து இருந்தது. பென்சிலை அழுத்தி எழுதும் அதே கிறுக்கல்.

நான்காவது பொருள், அழைத்துச் செல்வது. மூத்தவளின் வாக்கியம், 'அவள் விருந்தினரைக் கடைத்தெருவுக்கு அழைத்துச் சென்றாள்.' எதிரே இளையவள் எழுதியிருந்தாள், 'கூட்டிட்டுப் போடின்னு அம்மாதான் கேட்டாங்க. ரெண்டு தடவை போன் பண்ணிக் கேட்டாங்க.'

மூத்தவள் அதை மூன்று முறை படித்தாள். பிறகு கீழே போனாள்.

பன்னிரண்டு, மருந்து சாப்பிடுவது. 'மாத்திரையை நாக்குக்கு அடியில ஒளிச்சு வெச்சுக்கிட்டு, சாப்பிட்டேன்னு சொன்னாங்க. வாயைத் திறங்கன்னா ஊதலை எடுத்து ஊதுனாங்க.'

பத்தொன்பது, நேரம் பிடிப்பது. 'பஸ்ஸுக்கு நாலு மணி நேரம் பிடிச்சுது. நாலு மணி நேரமும் அம்மா பேசிக்கிட்டே வந்தாங்க. இறங்குறப்பவும் பேச்சு முடியல.'

இங்கே மூத்தவள் தாளைக் கீழே வைத்துவிட்டுச் சன்னலைப் பார்த்தாள். தெருவில் ஒருவர் மிதிவண்டிக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். தன்னோடு இருந்த கடைசி ஆண்டில் அம்மா எவ்வளவு பேசினாள்? நினைவுக்கு வரவில்லை. மாலையிலும் அட்டைகளை வீட்டுக்குக் கொண்டுபோய் அடுக்கிக்கொண்டிருந்த காலம் அது. அம்மா எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, காற்றுப் பட்டால் பறந்துவிடும் என்று மின்விசிறியைக்கூடப் போடாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். 'வேலையா இருக்கியா?' என்று கேட்பாள். 'ம்' என்பாள் மூத்தவள். அது ஒரு பேச்சா?

அந்தப் பதினொரு நாட்களை அவள் இத்தனை காலம் ஓர் இருட்டறைபோல நினைத்து வைத்திருந்தாள். உள்ளே அம்மா முனகிக்கொண்டு படுத்திருப்பாள் என்றும், கதவைச் சாத்திவிட்டுத் தங்கை மைதானத்தில் ஊதிக்கொண்டிருப்பாள் என்றும். அந்த அறையில் அம்மாவே ஊதல் ஊதியிருக்கிறாள்.

இருபத்துமூன்று, படம் எடுத்துக்கொள்வது. 'விளையாட்டு விழாவுல பசங்க நடுவுல நின்னு அம்மா படம் எடுத்துக்கிட்டாங்க. கையில கோப்பை. ஒன்பதாவது நாள். என்கிட்ட இருக்கு.'

அதற்குப் பிறகு நெடுந்தூரம் சரிக்குறிகள்தான். ஐம்பத்தைந்து, ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு. ஐம்பத்தெட்டில் 'புரியவில்லை' என்ற கட்டத்தில் ஒரு பெருக்கல் குறி. தாள் கிழியும் அளவுக்கு அழுத்திப் போட்டிருந்தாள். அகலமான இடத்தில்:

'இப்படி யாரும் பேச மாட்டாங்க. "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது"ன்னுதான் சொல்வாங்க. தபால்ல இல்ல, வாயால சொல்வாங்க.'

அதற்கும் கீழே இருந்த பதின்மூன்று வாக்கியங்களுக்கும் சரிக்குறி. தாள் முடிந்தது.

முற்றுப்புள்ளியின் மேசைக்குப் பன்னிரண்டு தாள்களையும் கொண்டுபோய் வைப்பது வழக்கம். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒன்பதாம் தாளில் கொஞ்சம் அதிக நேரம் நின்றார். மூத்தவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒன்பது சொல்றதுதான் சரி," என்றார். "ஐம்பத்தெட்டை மாத்துங்க." தட்டு.

அவ்வளவுதான். அவர் அடுத்த தாளுக்குப் போய்விட்டார்.

அவள் இடத்துக்கு வந்து புதிய அட்டையில் எழுதினாள். 'நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.' கேட்டவர் என்ற இடம் காலியாக இருந்தது.

"சோதனையா? சொல்லுங்க மேடம்," என்றார் அரைப்புள்ளி, ஒரு மீனைப் பாதியில் விட்டுவிட்டு. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, நல்ல கேட்பவராக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மூத்தவள் வாயைத் திறந்தாள். வாக்கியம் வரவில்லை. எழுபது வாக்கியங்களைக் கேட்ட அரைப்புள்ளி அவள் முகத்தைப் பார்த்தார். மெல்லத் திரும்பி மறுபடி மீனைப் பார்க்கத் தொடங்கினார்.

அவள் இழுப்பறையைத் திறந்து கைப்பேசியை எடுத்தாள். மதியம் ஆக இன்னும் இருபது நிமிடம் இருந்தது. விதி விதிதான். ஆனால் அதே விதிக்கு அவள் ஏற்கெனவே ஆறு அழைப்புகளைக் கொடுத்திருந்தாள். எழுந்து படிக்கட்டுக்குப் போனாள். மாடிப்படியின் திருப்பத்தில், உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைத்திருந்த இடத்தில் நின்றுகொண்டு எண்ணை அழுத்தினாள்.

மணி ஐந்து முறை அடித்தது. ஆறாவது மணியில் எடுக்கும் சத்தம். பின்னால் மைதானம் இரைந்தது. யாரோ ஒரு பிள்ளை, "டீச்சர், அவன் கோட்டைத் தாண்டிட்டான் டீச்சர்!" என்று கத்திக்கொண்டிருந்தது.

"ம்," என்றாள் இளையவள்.

மூத்தவள் ஒரு நாற்காலியின் உடைந்த கையைப் பிடித்துக்கொண்டாள். நலமா என்று கேட்கலாமா? தாள் வந்து சேர்ந்தது என்று சொல்லலாமா? ஏன் ஐந்து நாள் தாமதம் என்று கேட்கலாமா? எதைச் சொன்னாலும் அதிலிருந்து மற்றதற்கு வந்து சேர வழி தெரியாது என்று அவளுக்குப் பட்டது.

"நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது," என்றாள்.

பிள்ளைகளின் இரைச்சல் மட்டும், காற்றில் ஏறி இறங்கியது. இளையவள் சிரிக்கவில்லை. "என்னது?" என்று கேட்கவுமில்லை. மூச்சு மட்டும் கேட்டது, ஓடி வந்து நின்றவளுடைய மூச்சு. அல்லது அழுகையோ. நான்கு மணி நேரத் தொலைவிலிருந்து அதைப் பிரித்துச் சொல்வது கடினம்.

"டீச்சர்!" என்றது பிள்ளை மறுபடியும்.

"இருடா," என்றாள் இளையவள். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. பிறகு கைப்பேசியை வாய்க்கு அருகில் கொண்டுவந்து, "சனிக்கிழமை மேட்ச் இருக்கு," என்றாள். "ஞாயித்துக்கிழமை வீட்லதான் இருப்பேன்."

ஊதல் நீளமாக ஒருமுறை ஒலித்தது. அழைப்பு நின்றுவிட்டது.

வா என்று அவள் சொல்லவில்லை. அக்கா என்றும் கூப்பிடவில்லை. மூத்தவள் அந்த இரண்டையும் கவனித்துக்கொண்டாள். கவனிப்பதுதானே அவள் வேலை. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. போக நான்கு மணி நேரம் பிடிக்கும், வழியெல்லாம் பேச்சுத் துணை கிடையாது. சன்னலோரத்தில் உட்கார்ந்து போக வேண்டியதுதான். கோப்பையோடு நிற்கும் அந்தப் படத்தில் அம்மா கண்ணாடி போட்டிருப்பாளா, கழற்றியிருப்பாளா?

இடத்துக்குத் திரும்பினாள். அரைப்புள்ளி தலையைத் தூக்காமல் மீனுக்குச் செதில் எழுதிக்கொண்டிருந்தார். மூத்தவள் அட்டையை முன்னால் இழுத்து, மூலையில் 'கேட்டவர்' என்ற இடத்தில், 'ஒன்பது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கைப்பேசியை இழுப்பறையில் வைத்தாள். பூட்டவில்லை.